ரிங் ஆடினால் பாயிண்ட் எனக்கு

இதுவா அக்கா? இது ரிங். பிடித்துப் பாருங்கள், கடிக்காது. ரப்பர்தான். இல்லையில்லை, பல் முளைக்கிற குழந்தைக்குக் கொடுக்கிறது இல்லை. குக்கர் கேஸ்கட்டும் இல்லை. போன வாரம் ஒரு கண்டக்டர் அப்படித்தான் கேட்டார், எத்தனை லிட்டர் குக்கர் என்று. இது டென்னிக்காய்ட் ரிங். நடுவில் வலை கட்டி, இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி நின்றுகொண்டு இதை வீசிப் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் கீழே விட்டால் எதிராளிக்குப் பாயிண்ட். பள்ளிக்கூடத்தில் ஆடியிருப்பீர்களே? பார்த்தீர்களா, ஆடியிருக்கிறீர்கள்! முகத்திலேயே தெரிகிறது.

போடி வரைக்குமா போகிறீர்கள்? நான் அதற்கு முன்னாலேயே இறங்கிவிடுவேன். தீர்த்தத்தொட்டி தாண்டி ஒரு இல்லம் இருக்கிறது. பக்கவாதம் வந்தவர்களைத் தங்கவைத்துக் கை கால் பழக்குகிற இல்லம். அங்கேதான். ஆமாம், ஆளைப் பார்க்கத்தான் போகிறேன். பார்த்து, எதிரே உட்காரவைத்து, அடித்து நொறுக்கிவிட்டு வருவதற்காகப் போகிறேன்.

ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்? வாதம் வந்தவரையா என்றா? எங்கள் காலேஜ் ஹெப்சிபா மேடமும் இதே மாதிரிதான் பார்த்தார். முழுசாகக் கேளுங்கள், பிறகு நீங்களே என் பக்கம் வந்துவிடுவீர்கள்.

என் பெயர் கௌமாரி. தேனியில் சைக்காலஜி மூன்றாம் வருஷம். மனித மனத்தை ஆராய வேண்டும் என்றெல்லாம் நான் சேரவில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அந்த ஒரு சீட்தான் மிச்சம் இருந்தது. ஆனால் சேர்ந்தபிறகு பிடித்துப்போய்விட்டது. அடுத்தவர் மனசில் என்ன ஓடுகிறது என்று இப்போதெல்லாம் எனக்குச் சட்டென்று தெரிந்துவிடுகிறது. உங்களைப் பார்த்தவுடனேயே தெரிந்தது, பேச்சுத்துணைக்கு ஆள் தேடுகிறீர்கள் என்று. தூங்கலாம் என்று இருந்தீர்களா? சும்மா சொல்கிறீர்கள்.

மூன்றாம் வருஷத்தில் எங்களுக்கு ஒரு பேப்பர் உண்டு. விளையாட்டுவழிச் சிகிச்சை என்று பெயர். உடம்பு முடியாமல் போய், மனசும் சோர்ந்து கிடக்கிறவர்களை விளையாட்டைக் கொண்டு எழுப்புவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பார்கள். வகுப்பில் கேட்க அருமையாக இருக்கும். ஹெப்சிபா மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார். "நோயாளி ஜெயிக்கணும். ஜெயிச்ச ருசி ஒரு தடவை நாக்குல பட்டுட்டா மறுநாள் அவங்களே எந்திரிச்சு வருவாங்க. அதுக்கு நீங்க விட்டுக்கொடுக்கணும். விட்டுக்கொடுத்தது தெரியாம விட்டுக்கொடுக்கணும். மொத்தப் பாடமும் இவ்வளவுதான்."

நான் அதைச் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டு எழுதிவைத்தேன். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மார்க்கும் வாங்கினேன். எழுதுவதில் ஒரு கஷ்டமும் இல்லை.

ஆனால் பாருங்கள், எங்கள் வீட்டில் நான்கு பெண்கள். நான் மூன்றாவது. ஷாம்பு பாக்கெட்டில் இருந்து கட்டில் ஓரம் வரைக்கும் எல்லாமே போட்டிதான். விட்டுக்கொடுத்தவள் சீயக்காயைத் தேய்த்துக்கொண்டு தரையில் படுக்க வேண்டியதுதான். அதற்காக என்னைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். எனக்குப் போட்டி மனப்பான்மையே கிடையாது. ஜெயிக்கப் பிடிக்கும், அவ்வளவுதான். இதோ, ஜன்னலோரத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், நான் ஏதாவது சொன்னேனா?

சரி. பாடம் முடிந்ததும் இரண்டு மாதப் பயிற்சி, இந்த இல்லத்தில். ஆளுக்கு ஒரு நோயாளி. என் தோழி எஸ்தருக்கு ஒரு ரிட்டயர்டு தாசில்தார் கிடைத்தார். பலூனை ஊதித் தட்டிவிட்டால்கூடக் கைதட்டுகிற மனுஷன். எனக்குச் சுருளிவேல் கிடைத்தார்.

ஜீப் டிரைவர். போடியில் இருந்து மலைமேல் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிறவர். ஐம்பது வயசு இருக்கும். இடது பக்கம் வாதம். கால் பரவாயில்லை, இழுத்து இழுத்து நடந்துவிடுவார். கைதான் பிரச்சினை. பழக்கினால் திரும்பும் என்கிறார் டாக்டர். பழக்க மாட்டேன் என்கிறார் இவர். அந்தக் கையைத் துண்டு போட்டு மூடிவைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அழுத்தி அழுத்திப் பழகட்டும் என்று பிசியோதெரபிஸ்ட் ஒரு பந்து கொடுத்திருந்தார், சிரித்த முகம் வரைந்த மஞ்சள் பந்து. அதை வாசலில் படுத்திருந்த நாய்மேல் எறிந்துவிட்டாராம். வலது கையால். கேட்டதற்கு, "நாய்க்கு ஒரு வேலை குடுத்திருக்கேன்" என்றாராம்.

முதல் நாள் நான் பாடத்தில் சொன்னபடியே குரலைக் குழைத்துக் கேட்டேன். "டிரைவரய்யா, உங்களுக்கு என்ன விளையாட்டுப் பிடிக்கும்?"

"சும்மா கெடக்குற விளையாட்டு."

"அதுல எப்படிங்கய்யா ஜெயிக்கிறது?"

"நீ எந்திரிச்சுப் போயிட்டேன்னா நான் ஜெயிச்சேன்னு அர்த்தம்."

எப்படி இருக்கும் எனக்கு? ஆட்டமே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் அவர் ஜெயித்தாராம்! பையில் இருந்து ரிங்கை எடுத்தேன். வீசினேன். இடது தோளில் பட்டு உருண்டது. "உங்க பக்கம் விழுந்துச்சு, நீங்க பிடிக்கலை. ஒண்ணு, பூஜ்யம்" என்றேன். எடுத்து மறுபடி வீசினேன். "ரெண்டு, பூஜ்யம்." அவர் திரும்பவே இல்லை. நானும் நிறுத்தவே இல்லை. இருபத்தொன்று வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டு, "நல்ல ஆட்டம், நன்றி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் போனால் ஆள் எழுந்து வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். கண் இரண்டும் மிளகாய் மாதிரி சிவந்திருக்கிறது.

"ஏத்தா, படுத்துக் கெடக்குறவன் மேல எறிஞ்சுபுட்டு, ஜெயிச்சேன்னு ஊருக்குள்ள சொல்லிக்கிட்டுத் திரியிறியாமே?"

"ஊருக்குள்ள சொல்லலைங்கய்யா. ஹாஸ்டல்ல மட்டும்தான்."

"வா. உக்காந்து ஆடுவோம்."

வராந்தாவில் இரண்டு தூணுக்கும் நடுவே கயிறு கட்டினேன். இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அந்தப் பக்கம் ஒன்று. தரையில் சாக்பீஸ் கோடு. அவர் வலது கையைத் தூக்கினார். இடது கை என்றேன். "அது செத்துப்போச்சு தாயி" என்றார். "அப்ப இன்னைக்கும் இருபத்தொண்ணு, பூஜ்யம்" என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு, "நான் இடது கைன்னா நீயும் இடது கை" என்றார். சரியென்று ஒத்துக்கொண்டேன். நான் வலது கைக்காரி. எனக்கு எவ்வளவு பெருந்தன்மை என்று நீங்கள் கவனிக்க வேண்டும். பிறகு யாருமே இதைக் கவனிக்கவில்லை.

இந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு அக்கா, உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? ரிங் காற்றில் போகும்போது ஆடாமல் போக வேண்டும். சுழன்றுகொண்டே மட்டமாகப் போகலாம், குலுங்கிக் குலுங்கிப் போகக் கூடாது. ஆடினால் தப்பு. பாயிண்ட் எதிராளிக்கு.

அவர் கை நடுங்கும். கை நடுங்கினால் ரிங் ஆடும். நான் என்ன செய்ய? ஒவ்வொரு முறையும் சொன்னேன். "ரிங் ஆடுச்சு, பாயிண்ட் எனக்கு."

"என் கையே ஆடுது. ரிங் ஆடாம என்னடி செய்யும்?"

"விதி அதுதானுங்கய்யா."

"எந்த ஊரு விதி?"

"எல்லா ஊரு விதியும்."

"வாதக்காரன்கிட்ட விதி பேசுறா பாரு! இவளைப் பெத்தாங்களா, கோர்ட்டுல இருந்து அனுப்பிவெச்சாங்களா?"

வராந்தாவில் வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாரும் அவர் பக்கம். தாசில்தார்கூட, "பாவம்மா, விட்டுடேன்" என்றார். பாவம் பார்த்தால் அது ஆட்டமா? எங்கள் மாவட்டப் போட்டியில் என் ரிங் ஒரு அரை ஆட்டம் ஆடியதற்கு நடுவர் என்னைப் பாவம் பார்த்தாரா?

அப்போது ஆடி மாதம். தேனிப் பக்கத்து ஆடிக் காற்று உங்களுக்குத் தெரியுமே, கொடியில் காயப்போட்ட வேட்டி அடுத்த தெருவில் கிடக்கும். நாலு நாள் கழித்து அவர் புதுசாக ஒன்று கண்டுபிடித்தார். "காத்துல ஆடுச்சு. கையால ஆடலை" என்றார். நான் விடுவேனா? துப்பட்டா நுனியைத் தூக்கிப் பிடித்துக் காட்டுவேன். "துப்பட்டா ஆடலை. காத்து இல்லை. பாயிண்ட் எனக்கு." அவர் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டுவார். திட்டிவிட்டு, "போடு அடுத்ததை" என்பார்.

இருபத்தொன்றுக்கு இரண்டு. இருபத்தொன்றுக்கு நான்கு. இப்படிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் அங்கே ஆயா வேலை பார்க்கிற பொம்மியக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஏ புள்ள, உன் டிரைவரு என் தட்டையெல்லாம் நெளிச்சுப்புட்டாரு. நீ போன பொறகு பூரா சாயங்காலமும் கட்டில்மேல சோத்துத் தட்டை வீசி வீசிப் பாக்குறாரு. தட்டு ஆடாமப் போகுதா, ஆடாமப் போகுதான்னு என்னைக் கேக்குறாரு. நான் பத்துப் பாத்திரம் வெளக்குவேனா, தட்டு ஆடுறதைப் பாப்பேனா?"

பார்த்தீர்களா அக்கா? எவ்வளவு பெரிய துரோகம்! எனக்குத் தெரியாமல் பயிற்சி எடுக்கிறார்! இதில் இன்னும் இருக்கிறது. சாப்பாட்டையும் இடது கையால் பிசைகிறாராம், விரலுக்குப் பலம் வர. சட்டைப் பட்டனையும் இடது கையாலேயே போடுகிறாராம். வெளியில் என்னிடம் "கை செத்துப்போச்சு தாயி" என்று அழுதுவிட்டு, உள்ளே இப்படி ஒரு வேலை. மனுஷர்களை நம்பவே முடியாது.

நானும் சும்மா இருக்கவில்லை. இடது கையால் பல் தேய்த்தேன். இடது கையால் தலை வாரினேன். ஹாஸ்டல் மெஸ்ஸில் இடது கையால் சாப்பிட்டு, வார்டனிடம் அத்தனை பேர் முன்னால் திட்டு வாங்கினேன். போட்டி மனப்பான்மை எல்லாம் இல்லை. உஷாராக இருப்பது வேறு, போட்டி மனப்பான்மை வேறு.

பயிற்சி பாதி முடிந்தபோது ஹெப்சிபா மேடம் பார்வையிட வந்தார். எஸ்தரின் தாசில்தார் பலூன் விளையாட்டில் அமோகமாக ஜெயித்துக்கொண்டிருந்தார். மேடத்துக்கு மகிழ்ச்சி. அடுத்து எங்களிடம் வந்தார். அன்றைக்கு இருபத்தொன்றுக்கு ஆறு. கடைசிப் பாயிண்டுக்கு நான் நாற்காலியில் இருந்து துள்ளி, "ஆடுச்சு! ஆடுச்சு!" என்று கத்தியதை அவர் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார்.

என்னை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

"கௌமாரி, நீ அவரோட விளையாடுறியா, சண்டை போடுறியா?"

"விளையாடுறேன் மேடம்."

"ஒரு தடவையாவது அவரை ஜெயிக்கவிட்டியா?"

"அவருக்கே இன்னும் ஜெயிக்க வரலை மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் நமக்கு ஆபத்து. "கடைசி நாள் மதுரையில இருந்து எக்ஸாமினர் வர்றாங்க. அன்னைக்கு அவர் ஜெயிக்கணும். இல்லைன்னா இந்த பேப்பரை உன்னால தாண்ட முடியாது. நான் உன்னை மிரட்டலை. உனக்கு இது வரலைன்னா, வந்ததுன்னு என்னால எழுத முடியாது, அவ்வளவுதான்."

அழுகை வந்தது. இத்தனை வருஷம் படித்து, ரிங்கால் ஃபெயிலா? சரி, தோற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். மறுநாளே ஒத்திகை பார்த்தேன். அவர் வீசியதைப் பிடிக்காமல் விட வேண்டும். விட வேண்டும், விட வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ரிங் வருகிறது. கை தானாகப் போய்ப் பிடித்துவிடுகிறது! அடுத்தது. விட வேண்டும். பிடித்துவிட்டது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். தலையால் முட்டித் திருப்பினேன். "ஏத்தா, பேய் பிடிச்சிருச்சா?" என்றார் சுருளிவேல்.

கடைசி நாள் வந்தது. வராந்தா முழுக்க ஆட்கள். எக்ஸாமினர் ஒரு அம்மா, கஞ்சி போட்ட காட்டன் சேலை, மடியில் மார்க் போடுகிற பேடு. சுருளிவேல் ஷேவ் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்து உட்கார்ந்தார். துண்டைக் காணோம்.

முதல் ஐந்து பாயிண்ட் வரை எனக்குப் பரீட்சை ஞாபகம் இருந்தது. அக்கா, சத்தியமாகச் சொல்கிறேன், ஐந்து வரைதான். அதற்குப் பிறகு அந்த மனுஷன் வீச ஆரம்பித்தார் பாருங்கள்! மூலைக்கு ஒன்று. கயிற்றை உரசிக்கொண்டு ஒன்று. நான் என்ன படிக்கிறேன், எதற்கு வந்தேன், எதிரே இருக்கிற அம்மா யார், எல்லாம் மறந்துவிட்டது. எனக்கு வியர்த்துக் கொட்டுகிறது. அவருக்கும். பத்துக்குப் பத்து. பதினைந்துக்குப் பதினைந்து. இருபதுக்கு இருபது. எங்கள் விதிப்படி இரண்டு பாயிண்ட் தள்ளி ஜெயிக்க வேண்டும். அவர் ஒன்று எடுத்துவிட்டார். இன்னும் ஒன்று எடுத்தால் முடிந்தது.

ரிங்கை இடது கையில் பிடித்துக்கொண்டு அவர் வீசாமல் உட்கார்ந்திருக்கிறார்.

"எறியுங்கய்யா" என்றேன்.

"இரு தாயி. காத்து நிக்கட்டும். பெறகு நீ தோத்துட்டு, காத்துதான் காரணம்னு சொல்லக் கூடாது."

அத்தனை பேரும் வேப்பமரத்தைப் பார்த்தோம். இலை நின்றது. அவர் வீசினார். அக்கா, அந்த ரிங் வந்தது பாருங்கள், மேலே ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து அனுப்பியிருந்தால்கூடச் சிந்தியிருக்காது. துளி ஆட்டம் இல்லை. ஆடு, ஆடு, ஆடித் தொலை என்று கண்ணால் அதைப் பிடித்து ஆட்டப் பார்த்தேன். ஆடவில்லை. எட்டிப் பாய்ந்தேன். நாற்காலியோடு குப்புற விழுந்தேன். ரிங் என் விரல் நுனிக்கு அந்தப் பக்கம் விழுந்தது.

ஒரே கைதட்டல். தாசில்தார் விசில் அடித்தார். நான் எழுந்து, எல்லாரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, முகம் கழுவப் போனேன்.

முகம் கழுவிவிட்டு வந்தால் எக்ஸாமினர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எத்தனையோ பயிற்சி பார்த்திருக்கேன். இப்படி ஒரு விட்டுக்கொடுத்தலைப் பார்த்ததே இல்லை. கடைசி வரைக்கும் சமமாக் கொண்டுவந்து, நாற்காலியோட விழுந்த பாரு, அங்கதான் இருக்கு படிப்பு" என்றார். தொண்ணூற்றாறு மார்க். வகுப்பிலேயே அதிகம்.

விட்டுக்கொடுத்தேனாம்! என் உயிரைக் கொடுத்து ஆடித் தோற்றிருக்கிறேன், விட்டுக்கொடுத்தேனாம்! பேசாமல் நின்றதற்கு, "அடக்கமும் இருக்கு" என்று அதற்கு வேறு பாராட்டு.

அதை அவர் வராந்தாவில் நின்று சொன்னார் அக்கா. நாலடி தள்ளி சுருளிவேல் உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்டது அவருக்கு. நான் திரும்பிப் பார்த்தபோது தாசில்தாரின் துண்டை வாங்கி, இடது கைமேல் போட்டுக்கொண்டிருந்தார்.

பயிற்சி அன்றோடு முடிந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கயிற்றை அங்கேயே விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்து, எடுக்கப் போனேன். கயிறு எடுக்கத்தான். நாலு முழம் நைலான் கயிறு, எதற்கு விட வேண்டும்? போனால் சுருளிவேல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். வலது கை நன்றாக இருக்கும்போதே பொம்மியக்கா ஊட்டிவிடுகிறாராம். புதுத் தட்டெல்லாம் நெளியாமல் அடுக்கியிருக்கிறது.

"டிரைவரய்யா, ஒரு ஆட்டம் போடுவோமா?"

"போ தாயி."

"ஏன்யா?"

"பாவம் பாத்து விட்டுட்ட. விடு. அதுக்கு நீ இருபத்தொண்ணு, பூஜ்யம்னே அடிச்சிருக்கலாம். அது நல்லா இருந்துச்சு."

"நான் விடலைங்கய்யா! கௌமாரியம்மன் சத்தியமா விடலை! நெசமாத் தோத்துட்டேன்!"

அவர் திரும்பாமலே சொன்னார். "உங்க படிப்பே அதுதானாமே. தெரியாம விட்டுக்குடுக்குறது. நல்லாப் படிச்சிருக்க தாயி. சத்தியம் பண்றது வரைக்கும் சொல்லிக்குடுத்திருக்காங்க."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நீங்களே சொல்லுங்கள். நான் எவ்வளவுக்கு எவ்வளவு சத்தியம் செய்கிறேனோ, அவ்வளவுக்கு அவ்வளவு நன்றாகப் படித்தவள் ஆகிறேன். அழுது காட்டினால் இன்னும் நாலு மார்க். அந்தப் படிப்பில் இருந்து வெளியே வர வாசலே இல்லை.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை எனக்கு. அவருக்காக இல்லை. என் பெயருக்காக. ஒரு ஆட்டக்காரி முழுசாக ஆடித் தோற்றதை நடிப்பு என்று சொன்னால் பொறுக்க முடியுமா? அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது கண்ணிலேயே நின்றது, அது வேறு விஷயம்.

ஹெப்சிபா மேடத்திடம் போனேன். "மேடம், என் மார்க்கைக் குறைங்க."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "இத்தனை வருஷத்துல கூட்டுங்கன்னுதான் வந்திருக்காங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து பாயிண்டுக்குப் பிறகு பரீட்சையே மறந்துவிட்டது என்பதையும், ரிங்கை ஆடித் தொலை என்று திட்டியதையும். அவர் இப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார் என்பதையும் சொன்னேன். நீங்கள் வந்து சொன்னால் நம்புவார் என்றேன். "நான் சொன்னா உன் தொண்ணூத்தாறு போயிடும், தெரியும்ல?" என்றார். போகட்டும் மேடம் என்றேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனால் எதுவும் திட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறிவிட்டார்.

கட்டில் பக்கத்தில் நின்று மேடம் சொன்னார். "ஐயா, இந்தப் பொண்ணு உங்ககிட்ட உண்மையிலேயே தோத்துட்டா. இவளுக்கு விட்டுக்கொடுக்கவே வராது. நான் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன்."

"நீங்கதானே வாத்தியாரு" என்றார் சுருளிவேல், சுவரிடம். "நீங்க இவளுக்கு மேல படிச்சிருப்பீங்க."

நான் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது பொம்மியக்கா உள்ளே வருகிறார், கையில் ஒரு பச்சை வாளியோடு. மேலிருந்து கீழ் வரை விரிசல்.

"மேடம், நீங்க வந்தது நல்லதாப் போச்சு. இந்த வாளியை நான்தான் ஒடைச்சேன்னு ஆபீசுல ஏசுறாங்க. இதுக்கு ஒரு பதில் சொல்லிட்டுப் போங்க. ஒடைச்சது உங்க புள்ள."

"அக்கா, அதெல்லாம் இப்ப எதுக்கு..." என்றேன்.

"எதுக்கா? ஆட்டத்துல தோத்த அன்னைக்கு மூஞ்சி கழுவுறேன்னு போயி, கதவைச் சாத்திக்கிட்டு, இந்த வாளியை எத்துனா பாருங்க எத்து! நான் கரண்டுக் கம்பம்தான் விழுந்துருச்சுன்னு ஓடியாந்தேன். பாத்தா, துப்பட்டாவை வாயில சுருட்டி வச்சுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுகுறா. போயும் போயும் அந்தாளுகிட்டயா தோத்தேன், அந்தாளுகிட்டயான்னு அழுகை. பச்சப்புள்ளைன்னு நானும் யாருகிட்டயும் சொல்லலை."

இதை நான் முன்னாலேயே உங்களிடம் சொல்லவில்லைதான். முகமும் கழுவினேன் அக்கா. வாளி அதற்கு முன்னால்.

கட்டிலில் அசைவு. சுருளிவேல் திரும்பி எழுந்து உட்கார்ந்துவிட்டார். வாளியைப் பார்த்தார். அந்த விரிசலை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எந்தக் கால்ல எத்துன?"

"வலது கால்ல."

"காட்டு."

செருப்பைக் கழற்றினேன். பெருவிரல் நகம் கன்றிப்போய்க் கறுப்பாக இருந்தது. இன்னும் இருக்கிறது, இதோ பாருங்கள். அவர் குனிந்து, துண்டுக்குள் இருந்து அந்த இடது கையை எடுத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நகத்தைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். அம்மா! உயிர் போய்விட்டது அக்கா. என்ன பலம் அந்தக் கையில்! நான் அலறியதில் பக்கத்து அறையில் இருந்து தாசில்தார் ஓடிவந்துவிட்டார்.

"நெசமாத்தான் தோத்திருக்கா!" என்று கத்தினார் சுருளிவேல். "மேடம், நகம் செத்துப்போச்சு! தாசில்தாரே, வந்து பாருங்க! வாளியை ஒடைச்சிருக்கா! என்கிட்டத் தோத்துட்டு, வாளியை ஒடைச்சிருக்கா!"

நெளிந்த தட்டெல்லாம் எங்கே என்று பொம்மியக்காவைக் கேட்டார். கயிற்றைக் கட்டு என்று என்னிடம் சொன்னார். மேடம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அவர் கண்ணில் தண்ணீர், ஆனால் சிரிப்பில் வந்த தண்ணீர்தான். எனக்குத்தான் மனசு தெரியுமே.

மார்க்கா? போய்விட்டது. மேடம் நியாயமானவர். "நடந்தது நல்லதுதான். ஆனா நீ செஞ்சது பாடத்துல இல்லை" என்றார். தொண்ணூற்றாறை அடித்துவிட்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி ஆடிக் காட்டச் சொன்னார். அதே நோயாளி, அதே நிபந்தனை. அவர் ஜெயித்தால் நான் பாஸ். நான் ஜெயித்தால் நான் ஃபெயில். நடுவில் ஞாயிறு தவறாமல் போய்விடுகிறேன். ஒரு வாரம் அவர், ஒரு வாரம் நான், அப்படிப் போய்க்கொண்டிருக்கிறது. இப்போதெல்லாம் நான்தான் காற்றைக் குற்றம் சொல்கிறேன். பாஸாகிவிட்டால் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வது என்று எஸ்தர் கேட்கிறாள். கேள்வியைப் பாருங்கள்.

அந்த ஆட்டம் இன்றைக்குத்தான். மேடம் முன்னாலேயே போய் உட்கார்ந்திருப்பார்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? பேசாமல் தோற்றுவிட்டு பாஸாகு என்றா? நானும் நேற்று ராத்திரி வரைக்கும் அப்படித்தான் இருந்தேன் அக்கா. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிடுவோம், படிப்பு முக்கியம் என்று அம்மாவிடம்கூடச் சொல்லிவிட்டேன். காலையில் அந்த மனுஷன் போன் போடுகிறார். இடது கையாலேயே நம்பரை அழுத்தினாராம், அதை முதலில் சொல்லிக்கொள்கிறார். பிறகு சொல்கிறார்: "ஏத்தா, நீ ஒண்ணும் கவலைப்படாத. நிம்மதியா வா. இன்னைக்கு உன்னை நான் பாஸ் பண்ண வச்சிர்றேன்."

கேட்டீர்களா? பாஸ் பண்ண வைக்கிறாராம்! என்னை! அவர்!

ஸ்டாப் வந்துவிட்டது. கொஞ்சம் காலை மடக்குங்கள் அக்கா. அண்ணே, இல்லம் இறங்கணும், நிறுத்துங்க! போடியில் கோயிலுக்குத்தானே போகிறீர்கள்? எனக்காக ஒரு கும்பிடு போட்டுக்கொள்ளுங்கள். கௌமாரி இன்றைக்கு எப்படியாவது ஃபெயிலாகிவிட வேண்டும் என்று.